முதல் நாற்பது நொடி

டொலீடோ, ஒஹாயோ
14 ஜனவரி 1996

அன்புள்ள ஆர்லீன்,

இருமலைத் தவிர நான் நலம். நீயும் ராண்டியும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவின் முழங்கால் இந்தக் குளிரைத் தாங்குகிறதா? கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனேன். பேக்கரியில் லீவு கிடைக்கவில்லை என்று போனில் சொன்னது பாதி உண்மைதான். மீதிப் பாதியை விடு.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. எங்கள் கேசட் தீர்ந்துவிட்டது. முந்நூறு போட்டோம், ஒன்றுகூட மிச்சமில்லை. அப்பாவின் கராஜில் நான் கிட்டாரும் லானி டிரம்முமாக ஆரம்பித்தபோது நீ கதவைத் திறந்து பார்த்து, "டேய், வாஷிங் மெஷினுக்குள்ள செருப்பு மாட்டிக்கிச்சா?" என்று கேட்டாய். அந்த வாஷிங் மெஷினுக்கு இப்போது நார்வேயிலிருந்து கடிதம் வருகிறது. பிரேசிலிலிருந்து ஒருவன் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறான். நம் ஊர்ப் பனியையும் மூடிய சுரங்கத்தையும் பற்றி நான் எழுதிய பாட்டுகளை அங்கே வெயிலில் உட்கார்ந்து கேட்கிறானாம்.

கிளீவ்லாண்டில் வெர்ன் என்று ஒருவர் சின்னதாக ஒரு கம்பெனி நடத்துகிறார். எங்கள் கேசட்டை அப்படியே சிடியாகப் போடுகிறாராம். மே மாதம் ஒன்பது ஊர்களில் கச்சேரி. மேடையில் நானும் லானியும் முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிப் பிணம் மாதிரி நிற்போம். என் பெயர் அங்கே கர்ட்டிஸ் இல்லை, மோர்னாத். சிரிக்காதே.

எழுதுகிற எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். முதல் பாட்டுக்கு முன்னால் நாற்பது நொடி ஒரு குரல் வரும். வேறு எதுவும் இருக்காது, குரல் மட்டும். அதை எப்படி உண்டாக்கினாய் என்கிறார்கள். அதற்குப் பிறகு வருகிற ஐந்து பாட்டைப் பற்றி ஒருவனும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அப்பாவிடம் என் அன்பைச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
கர்ட்

~

ஐரன் ஹாலோ, மிச்சிகன்
30 ஜனவரி 1996

அன்புள்ள கர்ட்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். பள்ளிக்கூடச் சமையலறையில் சூப் அண்டா சரிந்து என் கையில் கொஞ்சம் பட்டுவிட்டது, ஆறி வருகிறது. அப்பாவின் முழங்கால் அவர் சொல்கிறபடி "நல்லாத்தான் இருக்கு". அவர் சொல்லாதபடி பார்த்தால், பனி தள்ளும் வண்டியிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்கிறார்.

மோர்னாத் என்று ஒரு மருந்து உண்டா? இருமலுக்கு வாங்கிக் குடி.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நார்வே வந்ததும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார். "நார்வேயா? எங்கப்பா கப்பலேறின ஃபின்லாந்துக்குப் பக்கத்து வீடு" என்றார். பிறகு அதையே மூன்று தடவை சொன்னார். மறுநாள் சாலைத் துறை ஷெட்டில் லாம்பியிடமும் சொல்லியிருக்கிறார். லாம்பியின் மனைவி சர்ச்சில் என்னைப் பிடித்துக்கொண்டு, "உன் தம்பி நார்வேல பாடுறானாமே?" என்கிறாள். நான் என்ன சொல்ல?

விஷயம் இதுதான். அப்பாவுக்கு அந்தக் கேசட்டைக் கேட்க வேண்டுமாம். அம்மா போன பிறகு அவர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை. இரண்டு வருஷமாக அந்த மனிதர் எதுவும் வேண்டும் என்று சொன்னதே இல்லை. உன் பங்குக்கு வைத்திருப்பாயே, அதில் ஒன்றை அனுப்பு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ராண்டி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

ஆர்லீன்

~

டொலீடோ
25 பிப்ரவரி 1996

அன்புள்ள ஆர்லீன்,

உன் கை ஆறிவிட்டதா? இங்கே இருமல் நின்றுவிட்டது. லானிக்குத் தொற்றிக்கொண்டது.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். சிகாகோவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாசித்தோம். நாற்பது பேர் நிற்கிற இடத்தில் எண்பது பேர். முகத்தில் பூசிய சாயம் வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கி, கடைசிப் பாட்டை முழுவதும் குருடன் மாதிரி வாசித்தேன். முடிந்ததும் ஒரு பையன் ஓடிவந்து, "நீங்க அழுதீங்கல்ல, பார்த்தேன்" என்றான். சாயம் எரிகிறது என்று சொல்ல மனம் வரவில்லை.

ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தேன். ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடிக்கிற பத்திரிகைதான், ஆனால் இந்த இசையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் படிப்பார்கள். நம் ஊர் ஏரி, சுரங்கம் எல்லாம் பற்றிச் சொன்னேன்.

கேசட் ஒன்றும் மிச்சமில்லை என்று முன்பே எழுதினேன். என்னிடம் இருந்ததும் போய்விட்டது. அப்பாவுக்கு இந்த இசை பிடிக்காது, காதுக்குள் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். அவருடைய அக்கார்டியன் பாட்டு கேசட் ஒன்று இங்கே பழைய கடையில் கிடைத்தது, இத்துடன் அனுப்புகிறேன்.

அவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

கர்ட்

~

ஐரன் ஹாலோ
5 மார்ச் 1996

அன்புள்ள கர்ட்,

எல்லோரும் நலம். கை ஆறி, பழுப்பாக ஒரு தழும்பு நிற்கிறது. இங்கே நேற்றும் ஒன்றரை அடி பனி.

அக்கார்டியன் கேசட்டுக்கு அப்பா நன்றி சொல்லச் சொன்னார். மேசை மேல் வைத்திருக்கிறார், போட்டுப் பார்க்கவில்லை. "நான் கேட்டது இதில்லையே" என்றார். கோபமில்லை. தப்பான அளவில் சட்டை வந்தால் சொல்வாரே, அந்த மாதிரி.

சனிக்கிழமை அவர் என்ன செய்தார் தெரியுமா? நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, அம்மாவின் இறுதிச் சடங்குக்குப் போட்டாரே அதே கோட்டு, ஹோட்டனுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே மாணவர்கள் போகிற இசைத்தட்டுக் கடைக்குள் நுழைந்து, மூக்கில் வளையம் போட்ட பையனிடம், "என் மகனோட பாட்டு இருக்கா? விண்டர்ஷாஃப்ட்னு பேரு" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பையன் எழுந்து நின்றானாம். "சார், நீங்க மோர்னாத்தோட அப்பாவா?" என்றானாம். கையைக் குலுக்கினானாம். அப்பா இதை எனக்குச் சொல்லும்போது அவர் காது சிவந்திருந்தது.

கடையில் கேசட் இல்லை. பையன் ஏதோ விலாசம் எழுதிக் கொடுத்தானாம்.

எனக்கு ஒன்று புரியவில்லை. நீ எப்போதும் காட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவன். பத்து வயதில் பல் விழுந்தால் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வருவாய். இப்போது அப்பா கேட்கிறார், நீ மறைக்கிறாய். பாட்டில் சாத்தானைக் கும்பிடுகிறாயா? அதுதான் என்றால் சொல், போதகரிடம் சொல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். அப்பா அதற்கெல்லாம் அசர மாட்டார்.

நல்லபடியாக இரு.

ஆர்லீன்

~

ஐரன் ஹாலோ, மிச்சிகன்
11 மார்ச் 1996

விண்டர்ஷாஃப்ட் இசைக்குழுவினருக்கு,
அஞ்சல் பெட்டி, டொலீடோ.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஹோட்டன் கடையில் இந்த விலாசம் கிடைத்தது. தங்கள் கேசட் ஒன்று எனக்குத் தேவை. அதற்கான அஞ்சல் பணவிடை இத்துடன் இருக்கிறது.

தங்கள் குழுவில் கிட்டார் வாசிப்பவர் என் மகன். அவனிடம் மறுபடி கேட்டால் எங்கிருந்தாவது தேடிச் சும்மா அனுப்பிவிடுவான் என்பதால் கேட்கவில்லை. மற்றவர்கள் எப்படி வாங்குகிறார்களோ அப்படியே நானும் வாங்க விரும்புகிறேன். ஆகவே நான் எழுதியதை அவனிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வகை இசை எனக்குப் பழக்கமில்லை. ஆனால் முப்பது வருடம் டீசல் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தவன். சத்தம் எனக்குத் தொந்தரவு இல்லை.

தங்கள் உடல்நலத்துக்கு என் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
எய்னோ நியெமி

~

டொலீடோ
7 ஏப்ரல் 1996

அன்புள்ள ஆர்லீன்,

நீ நலமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றி நலம் என்று எழுத முடியவில்லை.

அப்பாவின் கடிதம் எங்கள் அஞ்சல் பெட்டிக்கு வந்தது. அந்தப் பெட்டியைத் திறப்பது நான்தான். மூன்று வாரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு கேசட் இருப்பில் இல்லை என்று டைப் அடித்து, கீழே லானியின் பெயரைப் போட்டு, பணவிடையைத் திருப்பி அனுப்பினேன். என் அப்பாவுக்கு நான் வேறொருவன் பெயரில் கடிதம் எழுதினேன். அது பெரிய விஷயம்கூட இல்லை. பெரிய விஷயத்தை இப்போது சொல்கிறேன். முழுவதும் படி.

அம்மாவை வியாழக்கிழமை அடக்கம் செய்தோம். நான் டொலீடோவிலிருந்து வரும்போது ரெக்கார்டரையும் மைக்கையும் கொண்டுவந்திருந்தேன். கீழ்த்தளத்தில், சனிக்கிழமைதோறும் அப்பா ஆவியில் குளிக்கிற சௌனாவுக்கு வெளியே இருக்கிற சிமென்ட் குளியலறையில் நல்ல எதிரொலி உண்டு, என் குரலை அங்கே பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்திருந்தேன். அம்மாவின் சாவுக்கு வரும்போது அதைப் பெட்டியில் எடுத்து வைத்தவன் நான். அதையும் தெரிந்துகொள்.

சனிக்கிழமை காலையில் மைக்கைக் குளியலறையில் தொங்கவிட்டு, வயரை மாடிப்படி வழியாக என் அறைக்கு இழுத்து வைத்தேன். நாலு மணி வாக்கில் அப்பாவிடம் வெளியே நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனேன். குளிர் தாங்காமல் பத்து நிமிஷத்தில் திரும்பிவிட்டேன். அவருக்குத் தெரியாது. வழக்கம்போல் அதற்குள் சௌனா அடுப்பை மூட்டக் கீழே இறங்கிவிட்டார். நான் மேலே ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

அழுதார், ஆர்லீன். அழுதார் என்பது சரியான வார்த்தை இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முதலில் மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். நடுவில் வாளி ஒன்று விழுந்து உருண்டது. பிறகு அம்மாவின் பெயரைச் சொல்லப் பார்த்தார், பாதிக்கு மேல் வரவில்லை.

நான் ஹெட்போனைக் கழற்றியிருக்க வேண்டும். கீழே இறங்கிப் போயிருக்க வேண்டும். என் கை போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கியது. நாலு நிமிஷம் பதிவு செய்தேன். ஒலி அளவு அதிகமாகிவிடாமல் நடுவில் குறைத்துக்கூட வைத்தேன்.

அதிலிருந்து நாற்பது நொடிதான் அந்தக் கேசட்டின் தொடக்கம். லானி கேட்டபோது நான்தான் கத்தினேன் என்றேன். பேட்டியில், மூன்று நாள் பட்டினி கிடந்து ஏரிக்கரைக் காட்டில் கத்திப் பழகினேன் என்று சொன்னேன். அச்சாகிவிட்டது. நார்வேக்காரன் என்னைப் பெரிய கலைஞன் என்கிறான்.

இதைத்தான் அப்பா கேட்க வேண்டும் என்கிறார்.

எதையாவது எழுது. திட்டி எழுது.

கர்ட்

~

பிட்ஸ்பர்க்
26 மே 1996

அன்புள்ள ஆர்லீன்,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று நம்புகிறேன். போன் செய்தேன், ராண்டி எடுத்து நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னார். பின்னால் உன் குரல் கேட்டது.

கச்சேரிப் பயணம் நேற்றோடு முடிந்தது. முடித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

எல்லா ஊரிலும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. நாங்கள் மேடையேறியதும் கூட்டம் அந்த நாற்பது நொடியைத் தானே கத்துகிறது. மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். எங்கே மூச்சு வாங்க வேண்டும், எங்கே உடைய வேண்டும் எல்லாம் தெரியும். நேற்று இங்கே இருநூறு பேர். வாளி விழுகிற இடம் வந்ததும் ஒருவன் பீர் டின்னைத் தரையில் போட்டு உருட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவின் பெயர் பாதியில் நிற்கிற இடத்தையும் பாடினார்கள். அது பெயர் என்று அவர்களுக்குத் தெரியாது. "வியோ, வியோ" என்று இருநூறு பேர்.

நான் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வேனுக்குப் போய்விட்டேன். லானி பின்னாலேயே வந்தான்.

"என்னடா ஆச்சு உனக்கு? உள்ள போலீஸ் வர்ற மாதிரி சத்தம் போடுறாங்க."

சொன்னேன். அவன் முகச்சாயத்தோடு வேனின் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"உங்க அப்பாவா? எனக்கு சைக்கிள் செயின் மாட்டிக் குடுத்த மனுஷனா? ரெண்டு வருஷமா நான் அதுக்கு டிரம் அடிச்சிருக்கேனேடா."

வெர்னும் வந்தார். அவருக்கும் சொன்னேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். "ஆனா யோசிச்சுப் பாரு. இது தெரிஞ்சா சிடி இன்னும் பிச்சுக்கிட்டுப் போகும்." லானி எழுந்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். நான்தான் விலக்கினேன்.

சிடி வராது. மூல டேப்பை வெர்னிடமிருந்து வாங்கிவிட்டேன். குழுவும் இனி இல்லை, லானி காலையில் பஸ்ஸில் போய்விட்டான். ஆனால் முந்நூறு கேசட்டும் அதிலிருந்து பிரதி எடுத்த ஆயிரமும் எங்கெங்கோ இருக்கின்றன. அவற்றைத் திரும்ப வாங்க முடியாது.

ஒரு வரியாவது எழுது.

கர்ட்

~

ஐரன் ஹாலோ
16 ஜூன் 1996

கர்ட்,

நான் நலம். ராண்டி நலம். போனில் இல்லை என்று சொல்லச் சொன்னது நான்தான்.

முதல் மாதம் உன்னை வெறுத்தேன். அதை அப்படியே எழுதியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு தடவை எழுதி ஸ்டாம்பும் ஒட்டினேன். தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பினேன்.

அந்தச் சனிக்கிழமை நானும் வந்தேன். உனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. இறுதிச் சடங்குக்கு லாம்பி வீட்டிலிருந்து உணவு கொண்டுவந்த பாத்திரத்தைக் கழுவி, அப்பா மூலம் திருப்பிக் கொடுக்க எடுத்துவந்தேன். பின்வாசலுக்கு வந்தபோது கீழ்த்தள ஜன்னல் ஆவிக்காகத் திறந்திருந்தது. கேட்டேன். நீ கேட்டதையெல்லாம் கேட்டேன், வாளி உட்பட. பாத்திரத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல் காருக்குப் போய், இன்ஜினைக்கூட உடனே போடாமல் சரிவில் உருட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய்விட்டேன். அன்றைக்கு அவர் ஒரு மனிதக் குரலை எதிர்பார்த்திருப்பார். அவருடைய மகள் அவரைக் கேட்டுவிட்டுத் திருடி மாதிரி ஓடினாள். மறுநாள் போய், "சாப்ட்டீங்களா அப்பா?" என்றேன். "ஆச்சு" என்றார். அவ்வளவுதான்.

எனவே உன்னைத் திட்டுகிற தகுதி எனக்கு இருக்கிறதா என்றுதான் இரண்டு மாதம் யோசித்தேன். இருக்கிறது என்றே இன்னும் நினைக்கிறேன். நான் ஓடினேன், நீ அதை ஊருக்கு விற்றாய். ஆனால் முன்பு மாதிரி உரக்கத் திட்ட வரவில்லை.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை அப்பாவின் வண்டியை நான் எடுக்க வேண்டியிருந்தது. டேப் பிளேயரில் ஒரு கேசட் இருந்தது. மேலே பேனாவில் விண்டர்ஷாஃப்ட் என்று எழுதியிருந்தது, அந்த ஹோட்டன் பையன் யாரிடமிருந்தோ பிரதி எடுத்துக் கொடுத்திருப்பான். வெளியே எடுத்துப் பார்த்தேன். டேப் கொஞ்சம்தான் ஓடியிருக்கிறது. ஒரு நிமிஷம்கூட இருக்காது, அங்கே நிற்கிறது.

நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏப்ரலிலிருந்து நார்வேயைப் பற்றிப் பேச்சே இல்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

அவருக்கு நீ எழுது. உன் பெயரில் எழுது.

ஆர்லீன்

~

டொலீடோ
23 ஜூன் 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதைக் கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

கேசட்டை நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்று தெரிந்துகொண்டேன். அதன் தொடக்கத்தில் இருப்பது உங்கள் குரல். அம்மாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள், சனிக்கிழமை, நான் மேலே என் அறையில் இருந்தேன். உங்களிடம் வராமல் பதிவு செய்தேன். அதை என் குரல் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஏப்ரல் மாதம் உங்களுக்கு வந்த பதிலை எழுதியதும் நான்தான், லானி இல்லை.

காரணம் தேடிப் பார்த்தேன். சொல்லும்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அவ்வளவு உண்மையான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை, அதைக் கைவிட மனம் வரவில்லை. அது மட்டும்தான்.

குழுவைக் கலைத்துவிட்டேன். அந்தப் பத்திரிகைக்கு எழுதி, அது என் குரல் இல்லை, என் தந்தையின் துக்கத்தைத் திருடியது என்று அச்சிடச் சொல்லப்போகிறேன். உங்களுக்குத் தெரியாமல் இனி எதுவும் செய்யக் கூடாது என்பதால் முன்கூட்டி எழுதுகிறேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள்.

கர்ட்டிஸ்

~

ஐரன் ஹாலோ
14 ஜூலை 1996

அன்புள்ள கர்ட்டிஸ்,

நான் நலம். முழங்காலுக்கு ஊசி போட்டார்கள். நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். அது வீட்டில் கிடப்பது சரியில்லை.

கேசட்டை நான் முதலில் எங்கே கேட்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஏப்ரல் மாதம் ஷெட்டில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். கேசட் கிடைத்ததும் எல்லோரும் சேர்ந்து கேட்கலாம் என்று கொண்டுபோனேன். லாம்பி இருந்தான், இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். நானே எழுந்து பொத்தானை அமுக்கினேன். ஏதோ நாய் பொறியில் மாட்டிக்கொண்டது போலிருக்கிறதே என்று நினைத்தேன். பிறகு வாளி விழுந்தது. அந்த வாளி எனக்குத் தெரியும்.

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவன் சிரித்தான். லாம்பி, "எய்னோ, யாருப்பா இது?" என்று கேட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என் மகன்தான். அவனுக்கு நுரையீரல் பெரிசு" என்றேன். சிரித்தேன் என்றும் நினைக்கிறேன். பிறகு பாட்டு ஆரம்பித்தது, நிறுத்திவிட்டேன்.

ஆகவே நீ மட்டும் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லிவிட்டேன், ஆறு பேருக்கு முன்னால், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

பத்திரிகைக்கு எழுதாதே. நீ அதை எழுதினால் உன் மனம் இலேசாகும், எனக்குத் தெரியும். ஆனால் அப்புறம் அது என் குரல் என்று ஆகிவிடும். அந்த நாளை நான் யாருக்கும் காட்டவில்லை, உன் அக்காவுக்குக்கூட. அது உன் குரலாகவே இருக்கட்டும். யார் கேட்டாலும் நீ அப்படியே சொல். கடைசி வரைக்கும். நீ எனக்குச் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது போகுமா என்று எனக்குத் தெரியாது. கராஜ் கூரை ஒழுகுகிறது. ஆகஸ்டில் வந்தால் இரண்டு பேராகத் தார் பூசலாம்.

அப்பா

~

டொலீடோ
2 செப்டம்பர் 1996

அன்புள்ள ஆர்லீன்,

உன் மாமியாரின் இடுப்பு எலும்பு கூடி வருகிறதா? கிரீன் பேயில் நீ இன்னும் எத்தனை நாள் இருக்க வேண்டியிருக்கும்? நான் நலமாக ஊர் வந்து சேர்ந்தேன். கையில் தார்க் கறை மட்டும் போகவில்லை.

நீ இல்லாத நேரத்தில் போனதால் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னாய். எட்டு நாள் இருந்தேன். அந்த விஷயத்தை அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. முட்டை பொரித்துப் போட்டார். காபியில் பால் போதுமா என்று கேட்டார். சனிக்கிழமை சௌனாவுக்கு அவர் மட்டும் போனார். நான் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தேன், அவருக்குக் கேட்கிற மாதிரி, நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிகிற மாதிரி.

செவ்வாய்க்கிழமை காலை கூரை மேல் தார் பூசிக்கொண்டிருந்தோம். லாம்பி நீளமான ஏணி ஒன்றைக் கொண்டுவந்தார், கூட ஷெட்டிலிருந்து இரண்டு பேர். ஏணியைச் சாத்திவிட்டு மூன்று பேரும் மேலேயே ஏறி வந்துவிட்டார்கள்.

"ஏய் மோர்னாத்து" என்றார் லாம்பி. "அன்னைக்கு எங்க எல்லாரையும் சாப்பாட்டைக் கீழ வைக்க வச்சியே, அதை ஒரு தடவை நேர்ல பண்ணு பார்ப்போம்."

"வேண்டாம் லாம்பி. தொண்டை சரியில்லை."

"அட, நார்வேக்காரனுக்கு மட்டும்தான் பண்ணுவியா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மண்டியிட்டுத் தார் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. தூரிகை நிற்கவும் இல்லை.

"கேக்கிறாங்கல்ல" என்றார். "பண்ணு."

பண்ணினேன், ஆர்லீன். நம் அப்பாவிடமிருந்து நாலு அடி தள்ளி நின்று, அவருடைய அழுகையை அவருக்கு முன்னால் நடித்துக் காட்டினேன். மூச்சு வாங்குகிற இடம், உடைகிற இடம், எல்லாம் சரியாக. பெயர் வருகிற இடத்துக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

லாம்பி காதைத் தடவிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா டேப்புல இதை விட நல்லா இருந்துச்சே" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

அப்போது அப்பா நிமிர்ந்தார். "அது வேற நாள், லாம்பி" என்றார். "அப்ப அவன் அம்மாவைப் புதைச்சு ரெண்டு நாள்தான் ஆகியிருந்துச்சு."

லாம்பி தொப்பியைக் கழற்றினார். "எனக்குத் தெரியாதுப்பா" என்றார் என்னிடம். "வியோலா நல்ல மனுஷி. அவளுக்காகவா அப்படி அழுத நீ? நாங்க சிரிச்சுட்டமே." கையை நீட்டினார். பின்னால் நின்ற இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து கையை நீட்டினார்கள், சர்ச் வாசலில் நீட்டுவது போல.

நான் மூன்று கையையும் பிடித்துக் குலுக்கினேன். "பரவாயில்லை" என்றேன். அம்மா செத்து நான் ஒரு சொட்டுக்கூட அழவில்லை என்பது அந்தக் கூரை மேல் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அவர்கள் இறங்கிப் போன பிறகு அப்பா தார் வாளியை என் பக்கம் தள்ளி, "அந்த மூலையில இன்னும் பூசல" என்றார். சாயங்காலம் வரைக்கும் பூசினோம்.

ராண்டியையும் மாமியாரையும் விசாரித்ததாகச் சொல். உன் கையைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
கர்ட்